கொடியில் ஒரு சட்டை அதிகம்

ஏப்ரல் 6

பாப்பாவுக்கு அப்பா சொல்ல, டீச்சரம்மா எழுதுவது.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. போனில் நீ பேசியது ஒன்றும் விளங்கவில்லை. என் காதுக்கு உன் குரல் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டுவதுபோல்தான் வந்து சேருகிறது. "ஆமா, ஆமா" என்று சொன்னேனே, எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதனால் இனிமேல் காகிதம்தான். டீச்சரம்மா வலது காதுப் பக்கம் உட்கார்ந்து படித்தால் ஒரு சொல் தப்பாமல் கேட்கிறது. நான் வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன், அவர்கள் அதைச் சுத்தமாக்கி எழுதுகிறார்கள். "முப்பது வருஷமா நீங்க என் துணியைத் துவைச்சீங்க, இப்ப நான் உங்க பேச்சைத் துவைக்கிறேன் அண்ணே. அழுக்கு ரொம்ப" என்று சிரிக்கிறார்கள். உனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த கைதான், எழுத்து உனக்கு அடையாளம் தெரியும்.

போகாதே என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாய். உலகத்தில் எத்தனையோ நாட்டில் நீலத் தொப்பி போட்ட அமைதிப் படைக்காரர்கள் கூடாரம் அடித்திருக்கிறார்கள். ஒரு நர்ஸுக்கு, நான் பதினோரு மாதம் சலவைக்காரனாக இருந்த அதே முகாம்தானா கிடைக்க வேண்டும்? முப்பத்திரண்டு வருஷத்தில் அங்கே சண்டை ஓயவில்லை என்பது ஒன்று, என்னை அது விடவில்லை என்பது இன்னொன்று.

வாசலில் நுழைந்ததும் வலது பக்கம் காவல் கூண்டு. அங்கிருந்து எண்பத்தாறு எட்டு வைத்தால் கிணறு. கிணற்றுக்குப் பின்னால் என் சலவைக் கொட்டகை, சுண்ணாம்பு அடித்த சுவர், தகரக் கூரை. கொட்டகைக்கு எதிரில் இரண்டு இரும்புக் கம்பம், நடுவில் முறுக்குக் கயிற்றுக் கொடி. துணியை முறுக்குக்குள் செருகினால் போதும், கவ்வி வேண்டாம். இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் நல்லது.

டீச்சரம்மா ஒன்று எழுத வேண்டும் என்கிறார்கள். நானே என் வாயால் கேட்க வேண்டுமாம். உனக்குத் தெரிந்ததுதான். அவர்கள் வீட்டுக்காரர் அந்த முகாமில் தண்ணீர் வண்டி ஓட்டினார். பாலம் உடைந்து வண்டி ஆற்றில் விழுந்தது. உள்ளே இரண்டு பேர், அவரும் வயர்லெஸ்காரரும். வயர்லெஸ்காரரின் உடல் கிடைத்து அவர் ஊருக்குப் போயிற்று. இவரைக் காணவில்லை என்று காகிதம் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா, ஆற்றிலிருந்து கரையேறி யாராவது எங்கேயாவது போனார்களா என்று நீ கேட்டுப் பார்க்க வேண்டுமாம். கேட்டாயிற்று.

கையெழுத்துக்குப் பதில் துணியில் போடும் என் குறியையே கீழே போடுகிறேன். ஒரு கோடு, அடியில் இரண்டு புள்ளி.

அப்பா

பி.கு. பாப்பா, இது டீச்சர். அண்ணனுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுருங்கிவிடும். வற்புறுத்தித்தான் சொல்ல வைத்தேன். இன்றுகூட என் வீட்டுக்காரருடைய இரண்டு சட்டைகளைச் சலவைக்குக் கொடுத்தேன். பெட்டியிலேயே கிடந்தால் பூச்சி அரித்துவிடும். வருகிறவர் எதைப் போட்டுக்கொள்வார்? ஒரே குறைதான். ஊர்த் துணியெல்லாம் வெயிலில் காயும், அந்த இரண்டை மட்டும் உன் அப்பா கடைக்குள்ளே நிழலில் போட்டுக் காய வைப்பார். வெயில் வாசனையே இருக்காது. கேட்டால் சாயம் போய்விடும் என்பார்.

ஏப்ரல் 29

அன்புள்ள அப்பா,

டீச்சர் வலது பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்களா? ஆரம்பிக்கிறேன்.

நான் சௌக்கியம். தூங்குவது ஒரு இரும்புப் பெட்டிக்குள். கப்பலில் சரக்கு வருமே, அதில் ஜன்னல் வெட்டி, இரண்டு கட்டில் போட்டு, வீடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது கட்டிலும் சேர்ந்து ஓடுகிறது. நின்றால் வேர்த்துக் கொட்டுகிறது. சாப்பாட்டுக்கு வரிசை, குளிக்க வரிசை, வீட்டுக்குப் பேச வரிசை. சமையல்காரர் என்ன சமைத்தாலும் ஒரே ருசி வருகிறது. "பன்னெண்டு நாட்டுக்காரன் சாப்பிடறான் சிஸ்டர், யாருக்குமே பிடிக்காத மாதிரி செஞ்சாதான் சண்டை வராது" என்கிறார். அமைதி காப்பதில் அவருக்குத்தான் முதல் பதக்கம் கொடுக்க வேண்டும்.

என் மருந்தகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காலில் கொப்புளம். மீதிப் பேருக்கு வயிற்று வலி, அதாவது வீட்டு ஞாபகம். உப்புக் கரைசல் கொடுத்து, "கடுதாசி வந்துதா?" என்று கேட்டால் போதும், பாதி வலி போய்விடும். தினமும் காலையில் வெள்ளை வண்டிகள் ரோந்துக்குப் போகும். போகும்போது எத்தனை தலை, திரும்பும்போது எத்தனை தலை என்று வாசலில் எண்ணி எழுதுவார்கள். நானும் ஜன்னலிலிருந்து எண்ணுவேன். இதுவரை சரியாக வந்திருக்கிறது.

துணி துவைக்க இப்போது இயந்திரம். ஆளுக்கு ஒரு வலைப்பை, அதற்கு ஒரு நம்பர். நம்பர் போட்டும் மாறிவிடுகிறது. போன வாரம் என் சட்டை லாரி மெக்கானிக்கிடம் போய்விட்டது. அவர் அதை மாட்டப் பார்த்து இரண்டு பொத்தானைத் தெறிக்க விட்டுவிட்டார். உங்கள் காலத்தில் ஒன்றாவது மாறியிருக்குமா?

நீங்கள் சொன்ன இடம் இருக்கிறது. எண்பத்தாறு எட்டு எனக்குத் தொண்ணூற்று நாலாக வந்தது, என் கால் குட்டை. கிணற்றை மூடிவிட்டார்கள். கொட்டகையில் பழைய டிரம்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு கம்பமும் நிற்கின்றன, நடுவில் புதுக் கயிறு. ஆனால் அங்கே யாரும் துணி போடுவதில்லை. நான் நான்கு துண்டை எடுத்துக்கொண்டு போனபோது ஸ்டோர்காரர் ஓடி வந்து தடுத்தார்.

"சிஸ்டர், அங்க மட்டும் காயப் போடாதீங்க. பத்து போட்டா, எடுக்கப் போறப்ப பதினொண்ணு இருக்கும்."

"அந்தப் பதினொண்ணாவது என்ன துண்டா, வேட்டியா?"

"சட்டை. எப்பவும் சட்டைதான்."

"எடுத்துப் பார்த்தீங்களா?"

"எடுக்கிறதா? நம்ம பத்தை உருவிக்கிட்டு ஓடியாந்துடுவோம். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான், அவருக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான்."

நான் சிரித்துவிட்டு நான்கு துண்டையும் போட்டேன். சாயங்காலம் நான்குதான் இருந்தது. எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். வெயில் கண்ணில் அடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், ஆற்றுப் பக்கம் போகிற ரோந்து வண்டியில் சொல்லி வைத்திருக்கிறேன். விசாரிப்பார்கள்.

உங்கள் பாப்பா

மே 17

பாப்பாவுக்கு அப்பா சொல்வது.

உன் கடிதத்தை டீச்சரம்மா படித்து முடித்ததும் நான் எழுந்து போய்க் கடை வாசலில் நின்றேன். கொடியில் இருபத்தேழு உருப்படி கிடந்தது. எண்ணினேன். இருபத்தேழுதான். மறுபடியும் எண்ணினேன். அன்றிலிருந்து தினமும் எண்ணுகிறேன். உனக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

என் காலத்தில் மாறியதா என்று கேட்டாய். நூற்று நாற்பது பேருக்குத் துவைத்தேன். எழுத்து தெரியாதவன், பெயர் எழுதிவைக்க வழியில்லை. சேங்கொட்டைப் பாலைத் தொட்டு ஆளுக்கு ஒரு குறி போடுவேன், காலருக்கு உள்ளே. நம் கடையில் போடுவதுதான். துணி கிழிந்தாலும் அந்தக் கறை போகாது. கொட்டகைச் சுவரில் அத்தனை குறியும் போட்டு, பக்கத்தில் ஆளைத் தெரிந்துகொள்ள ஒரு படமும் கிறுக்கி வைத்திருந்தேன். முடி வெட்டுகிறவருக்குக் கத்தரி, சமையல்காரருக்கு அகப்பை. இன்றைக்கும் நூற்று நாற்பதும் சொல்வேன். வயர்லெஸ்காரருக்கு மூன்று கோடு. டீச்சரம்மா வீட்டுக்காரருக்கு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அது உனக்கே தெரியும், அவர்கள் கொண்டுவரும் சட்டையில் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய்.

பாலம் உடைவதற்கு முன்னால் ஏழு நாள் மழை. துணி காயவில்லை, எல்லாம் பிழிந்தது பிழிந்தபடி நாறியது. எட்டாம் நாள் காலையில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. டீச்சரம்மா வீட்டுக்காரர் கொட்டகைக்கு வந்து, தகர டப்பாவில் தேநீர் குடித்து, ஏதோ கேலி பேசிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் பாலம் போன செய்தி வந்தது. ஐந்தாம் நாள் கீழ்க்கரையில், நாணலுக்குள் ஒரு உடல். ஆறும் மீனும் முகத்தை விட்டு வைக்கவில்லை. கழுத்துத் தகடு, பெயர்த் தகடு எதுவும் இல்லை. மழையில் துருப்பிடிக்கிறது என்று எல்லோரும் கழற்றிப் பெட்டியில் வைத்திருந்த காலம் அது. அதிகாரி உடுப்பைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு, யாருடைய குறி என்று கேட்டார். மூன்று கோடு. வயர்லெஸ்காரருடையது என்று சொன்னேன். நான் சொன்னது உண்மை.

நீ அந்த ஸ்டோர்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும். பதினொன்றாவது சட்டையை யாராவது கிட்டே போய்ப் பார்த்தார்களா? மேலிருந்து இரண்டாவது பொத்தான் என்ன நிறம்? அதை மட்டும் கேட்டு எழுது.

துணி போட வேண்டுமென்றால் வேறு இடத்தில் போடு. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு.

அப்பா

பி.கு. பொத்தான் விஷயம் எனக்கும் விளங்கவில்லை பாப்பா. "அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம், எழுதுங்க" என்றார். சொன்னதை எழுதியிருக்கிறேன். கையில் இருந்த தேநீர் ஆறிப்போயிற்று, குடிக்கவே இல்லை. – டீச்சர்

ஜூன் 11

அன்புள்ள அப்பா,

ஸ்டோர்காரரிடம் கேட்டேன். "சட்டையே பேய்ச் சட்டை, அதுல பொத்தானை வேற எண்ணச் சொல்றாரா உங்க அப்பா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதனால் தெரியவில்லை. ஏன் கேட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.

டீச்சர், ரோந்துக்காரர்கள் ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் விசாரித்துவிட்டார்கள். வெள்ளை வண்டி ஆற்றில் விழுந்தது அங்கே பெரியவர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. உயிரோடு யாரும் கரையேறவில்லை என்று ஒரே மாதிரி சொல்கிறார்கள். இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் மறைக்கக் கூடாது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

இன்னொரு செய்தி. உங்கள் கொட்டகையை ஜூலை கடைசியில் இடிக்கப் போகிறார்கள் அப்பா, அங்கே புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வருகிறது. அதற்காக டிரம்களை நகர்த்தினார்கள். பின்னால் சுவர்! நீங்கள் சொன்னது அத்தனையும் அப்படியே இருக்கிறது. கத்தரி, அகப்பை, தொப்பையோடு ஒருவர், மூக்கு மட்டும் ஒருவர். நான் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். சமையல்காரரைக் கூட்டி வந்து காட்டினேன். "உங்கப்பா சித்திரக்காரரா?" என்றார். "இல்ல, சலவைக்காரர்" என்றேன். சொல்லும்போது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

டீச்சர், உங்கள் வட்டமும் இருக்கிறது, நடுவில் புள்ளியோடு. பக்கத்தில் ஒரு வண்டிச் சக்கரமும், பல் தெரியச் சிரிக்கிற வாயும். அவர் அவ்வளவு சிரிப்பாரா?

அப்பா, ஒன்று மட்டும் புரியவில்லை. நம் கடையில், ஒருவர் துணி இன்னொருவரிடம் போய்விட்டால் சுவரில் இரண்டு குறிக்கும் நடுவே கரிக்கோடு இழுப்பீர்கள், துணி திரும்பி வந்ததும் ஈர விரலால் அழிப்பீர்கள். இங்கேயும் அந்த அழித்த கறைகள் நிறைய இருக்கின்றன. ஒரே ஒரு கோடு மட்டும் அழியாமல் நிற்கிறது. வட்டத்திலிருந்து மூன்று கோட்டுக்குப் போகிறது. வயர்லெஸ்காரர் துணி டீச்சர் வீட்டுக்காரரிடம் போயிருந்ததா? எப்போது? அழிக்க மறந்துவிட்டீர்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்காதீர்கள்.

உங்கள் பாப்பா

ஜூலை 3

பாப்பாவுக்கு அப்பா சொல்வது.

உன் கடிதத்தில் அந்த இடம் வந்ததும் டீச்சரம்மா மேலே படிக்கவில்லை. காகிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒன்பது நாள் இந்தப் பக்கம் வரவில்லை. இன்று காலையில் வந்து நாற்காலியைப் போட்டுப் பேனாவைத் திறந்து, "சொல்லுங்க, எழுதறேன்" என்றார்கள். அண்ணே என்று சொல்லவில்லை. நான் உனக்குச் சொல்வதுபோல்தான் சொல்லப் போகிறேன். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக இல்லை.

அந்தக் காலையில் டீச்சரம்மா வீட்டுக்காரர் ஈர உடுப்போடு வந்து நின்றார். இன்னொரு ஜோடியும் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, இதைப் போட்டுக்கிட்டு வண்டியில உட்கார்ந்தா இடுப்பு பிடிச்சுக்கும். காய்ஞ்சது ஏதாவது இருக்கா?" என்றார். அடுப்புக்கு மேலே வயர்லெஸ்காரருடைய ஒரு ஜோடி மட்டும் காய்ந்திருந்தது. ஒருவர் உடுப்பை இன்னொருவருக்குக் கொடுத்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், உத்தரவு அப்படி. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே அளவு. ஒரு நாள்தானே என்று சட்டையும் கால்சட்டையும் எடுத்துக் கொடுத்தேன். என் கண் முன்னால் போட்டுக்கொண்டார். "இதைப் போட்டா எனக்கும் கொர்ர் கொர்ர்னு ரேடியோ கேக்குமா அண்ணே? அவன் கேட்டா, சட்டை ரோந்துக்குப் போயிருக்குன்னு சொல்லிடுங்க" என்றார். பல் தெரியச் சிரித்தார். ஆமாம் பாப்பா, அவ்வளவு சிரிப்பார். அவர் போனதும் சுவரில் கோடு இழுத்தேன். கடைசி நேரத்தில் வயர்லெஸ்காரரும் அதே வண்டியில் ஏறிவிட்டார் என்று எனக்குத் தெரியாது. அவர் மேலே அவருடைய இன்னொரு ஜோடி. அதிலும் மூன்று கோடு.

நான் கொடுத்த சட்டையில் இரண்டாவது பொத்தான் கறுப்பு. பச்சைப் பொத்தான் தீர்ந்துபோய் நானே தைத்தது. அதிகாரி கொண்டுவந்து போட்ட சட்டையில் இரண்டாவது பொத்தான் கறுப்பாக இருந்தது.

டீச்சரம்மா, எழுதுங்கள்.

பேனா நின்றுவிட்டது. நான் காத்திருக்கிறேன். இதையும் சொல்கிறேன், இதையும் எழுதட்டும்.

யாருடைய குறி என்று கேட்டார்கள், யார் போட்டிருந்தார்கள் என்று கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். சாயங்காலம் வாயைத் திறக்கலாம் என்று போனேன், சவப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் திறக்கலாம் என்று போனேன், விமானம் போய்விட்டது. சொன்னால் என்னை விரட்டுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயம் ஒரு மாதத்தில் போயிற்று. அதற்குப் பிறகு சொல்லாமல் இருந்ததற்கு என்னிடம் காரணம் இல்லை. டீச்சரம்மா வீட்டுக்காரருடைய டிரங்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, விஷயத்தையும் சொல்லிவிட்டுப் போகத்தான் இந்தத் தெருவுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும், "எப்ப வராரு அண்ணே?" என்று கேட்டார்கள். பெட்டியை மட்டும் இறக்கி வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இங்கேயே கடை பிடித்தேன். இவர்கள் வீட்டை, படையை விட்டு ஓடிப்போனவன் வீடு என்று தபால்காரர் வரைக்கும் சொன்னபோதும் இஸ்திரி போட்டுக்கொண்டு குனிந்தே நின்றேன்.

அந்த இரண்டு சட்டையை நான் வெயிலில் போடாதது சாயத்துக்காக இல்லை. ஒரே ஒரு தடவை போட்டேன். காற்று வந்தது. தோள் நிமிர்ந்தது, நெஞ்சு புடைத்தது, கை இரண்டும் என் பக்கம் நீண்டது.

அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். ரயிலில் ஆறு மணி நேரம். வயர்லெஸ்காரர் ஊர் நிலையத்துக்குப் பின்னால் இடுகாட்டுச் சுவர் ஓரம், வேப்பமரத்துக்கு இடது பக்கம் மூன்றாவது கல். கல்லில் வேறு பெயர் இருக்கிறது என்று நினைக்கிறேன், நான் படித்ததில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் போயிருந்தேன். கல்லைக் கழுவினேன். வயர்லெஸ்காரர் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்து, "எம்புள்ளையைத் தேடி வந்த ஒரே ஆளு நீதாம்ப்பா" என்றார்கள். அந்த அம்மாவிடமும் சொல்லவில்லை. அவர்கள் பிள்ளை இன்னும் ஆற்றில்தான் இருக்கிறார்.

பாப்பா, கொட்டகையை இடிப்பதற்கு முன்னால் எனக்காக ஒன்று செய். விரலை ஈரமாக்கி அந்தக் கோட்டை அழித்துவிடு. நானே அழித்திருக்க வேண்டியது.

அப்பா

பி.கு.

பாப்பா,

உன் அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன். வழக்கமாகத் திருத்துவேன், இன்று எதையும் திருத்தவில்லை. குறி போடும்போது புள்ளி ஒன்று காகிதத்துக்கு வெளியே போய்விட்டது. அழுதார். நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடிக்கச் சொல்லவில்லை.

இனி அவருக்கு நான் கடிதம் எழுத மாட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். நீ எழுதுவதை மட்டும் வந்து படிப்பேன். அது உன் கடிதம், உனக்காகப் படிப்பேன். அவருக்கு ஒரு காதுதான் கேட்கும், அதற்காகக் கொஞ்சம் கிட்டேயும் உட்கார்வேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.

கடைக்குள்ளே போய் அந்த இரண்டு சட்டையையும் எடுத்துவந்து, இப்போது என் வீட்டு மாடியில் வெயிலில் போட்டிருக்கிறேன். உன் அப்பா சொன்னது சரிதான். காற்று வந்ததும் தோள் நிமிர்ந்தது. நான் கிட்டே போய், காய்கிற வரைக்கும் நின்றேன். காலை ரயிலுக்குக் கிளம்புகிறேன், இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த அம்மா உயிரோடு இருந்தால் அவர்களிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

சுவரை இடிக்கிறவர்கள் இடிக்கட்டும். நீ அந்தக் கோட்டை அழிக்காதே. போன சட்டை இன்னும் திரும்பி வரவில்லை.

டீச்சர்